பாமினியில் அடித்த வேலூர்

சத்துவாச்சாரி நீதிமன்றப் பக்கம் டிடிபி கடையில் அடித்து வாங்கிய பழைய பத்திர நகலை வீட்டுக் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் கொட்டிக்கிடக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதற்குள் தமிழே இல்லை, அவ்வளவுதான்.

பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ‘வேலூர்’ என்பது கோப்பில் ஆறு குறிகள் (NtY}h;): பெரிய என், சிறிய டி, பெரிய ஒய், மூடும் சுருள் அடைப்பு, சிறிய எச், அரைப்புள்ளி. இதில் ‘என்’ என்பது இரட்டைக்கொம்பு, ‘டி’ என்பது வகரம், ஒய்யும் அடைப்பும் சேர்ந்து ‘லூ’. வில்லங்கம் கடைசி இரண்டில். எச் ரகரம் அல்ல, துணைக்கால். அதன் தலையில் புள்ளி வைத்துத்தான் ‘ர்’ எழுதினார்கள்.

ஆகவே வேர்டில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து டாக் என்ற பழைய கோப்பு வகையை டாக்எக்ஸ் என்ற புதிய வகை ஆக்குவதால் பயனில்லை. உறை மாறும், உள்ளே அதே ஆறு குறிகள்தான். எழுத்தையே யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உள்ள பொதுக் குறிமுறைக்கு, மாற்றியாக வேண்டும்.

இதைச் செய்யும் மாற்றி என்ற நிரல் ஒரு நீளமான பதிலீட்டுப் பட்டியல்தான். நீண்ட கூட்டை முதலில் பிடிக்க வேண்டும். எச்சைத் தனியாக முதலில் மாற்றிவிட்டால் ‘வேலூா்’ என வரும். உற்றுப் பாருங்கள்: அது கால் மேல் புள்ளி, ரகரமே இல்லை. அச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ‘வேலூர்’ என்று தேடினால் சிக்காது.

அடுத்தது வரிசை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முன்னால் நிற்கும். யூனிகோடில் வகரம் முதலில், கொம்பு பிறகு. ‘கோட்டை’யின் ‘கோ’ என்ற எழுத்தில் கொம்பு, ககரம், கால் என்ற மூன்றும் ககரம், ஓகாரக் குறி என இரண்டாகச் சுருங்கும். ஔகாரம் இன்னும் மோசம்: அதன் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. அவசரப்படும் மாற்றி ‘வெளி’யை ‘வௌி’ ஆக்கும். ளகரத்தின் பின் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே என்று விதி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ‘கௌரவம்’ மாதிரிச் சொற்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஆவணத்தில் ஆங்கிலம் கலந்திருந்தால் வேடிக்கை. சிஎம்சி என்று மருத்துவமனைப் பெயரை ஆங்கிலத்தில் அடித்த மூன்று எழுத்து ‘ஊஆஊ’ ஆகிவிடும். டாக்எக்ஸ் என்பது ஜிப் பொட்டலம்; உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் பதிந்திருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றினால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படிப் பிரித்தறியாத மாற்றி என்றால், ஆங்கிலப் பத்திகளை வெட்டித் தனியே வைத்துவிட்டு மாற்றுங்கள்.

மூலத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். எழுத்துரு பாமினியா, வானவில் என்ற இன்னொரு பழைய எழுத்துருவா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் பட்டியல் வேறு. மாற்றிய பிறகு லதா அல்லது நிர்மலா எழுத்துருவை இட்டு, உயிர்க்குறி தனியே நின்றால் தோன்றும் புள்ளிவட்டம் எங்காவது தெரிகிறதா, கால் மேல் புள்ளி மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் அப்படியே விடுங்கள். இன்றைய மாவட்டப் பெயரைத் திணிப்பது எழுத்து மாற்றும் வேலை அல்ல.

கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும் என்றால், அதில் எழுத்தின் வடிவமும் பக்கத்தில் அதன் இடமும்தான் உறுதி. நகலெடுத்து ஒட்டியதும் கொம்புகள் இடம் மாறி விழுந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்தை 300 டிபிஐ படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் போன்ற எழுத்துணரியிடம் கொடுத்துப் பிழை திருத்துவது விரைவில் முடியும்.