அக்சஸ் பாயின்ட் என்பது ‘அணுகு புள்ளி’யா?

வைஃபை அலையைப் பரப்பும் கருவியான அக்சஸ் பாயின்டுக்கு, வைஃபை அமைப்பது பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘அணுகு புள்ளி’ என்ற தொடரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கும்பகோணத்தில் கடைகளுக்கு வைஃபை மாட்டித் தருகிறவர்களிடம் அதைச் சொன்னால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது ‘ஏ.பி.’, அக்சஸ் பாயின்டின் சுருக்கம்.

ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளும் லத்தீன் வழி வந்தவை. அக்சஸ் என்றால் கிட்டச் செல்லுதல்; பாயின்ட், குத்திய தடம். இடம் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் அந்தப் பின்பொருளை விட்டுவிட்டு, அகராதியில் முதலில் கண்ட ‘புள்ளி’யை எடுத்து ஒட்டிவிட்டார். செக்பாயின்ட் எனும் சோதனைச் சாவடிக்கு ‘சோதனைப் புள்ளி’ என்று பெயர் வைத்திருந்தால் எவர் வாயில் நின்றிருக்கும்?

கருவியின் வேலையைப் பாருங்கள். கம்பியில் வரும் தரவை ரேடியோ அலையாக்கிச் சுற்றியுள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் விடுகிறது. அவை அனுப்புவதை வாங்கிக் கம்பியில் சேர்க்கிறது. எந்தத் தரவு எந்த வலையமைப்புக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது ரவுட்டர். வீட்டில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டையும், ரவுட்டருக்கு வைத்த தமிழ்ப் பெயரான ‘திசைவி’ என்றே எழுதிவிடுகிறார்கள். அதை நம்பி, மாடிக்கு அலை எட்டாதவர் இன்னொரு ரவுட்டர் வாங்கி அப்படியே மாட்டுகிறார். இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு ஐ.பி. முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கொடுக்க, இணைப்பு குழம்புகிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஓர் ஏ.பி.யும், அதை ரவுட்டரோடு இணைக்க ஒரு லேன் கம்பியும்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு என்று பிரித்து விடுவது கல்லணை. வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் விடுவது மடை. ரவுட்டர் கல்லணை, ஏ.பி. மடை. ஆகவே ஏ.பி.யை ‘அலைமடை’ என்பேன். மடை ஒருவழிதானே, தரவு இருவழியாயிற்றே என்று கேட்பீர்கள். மழை பெருத்தால் வயலில் தேங்கியதை வடியவிடுவதும் மடையை வெட்டித்தானே?

‘திசைவி’யும் எனக்கு உவப்பில்லை. கல், கேள், தோல் என்ற வினையடிகளோடு ‘வி’ சேர்ந்து கல்வி, கேள்வி, தோல்வி வந்தன. திசை பெயர்ச்சொல், அதில் ‘வி’ ஒட்டாது. ‘வழிப்படுத்தி’ நேரானது. அதுவும் வேண்டாம் என்றால் ரவுட்டர் என்றே இருக்கட்டும், பழகிய சொல். “பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அலைமடை வைத்தால் 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 கொடுங்கள்” என்று எழுதிப் பாருங்கள், திருவாரூரில் கடை வைத்திருப்பவருக்கும் புரியும்.