காற்று போனால் ரயில் நிற்கும்: அமெரிக்க பிரேக்மேன்களின் விரல்கள் தப்பிய கதை

ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கிறது? சங்கிலி எந்தச் சக்கரத்தையும் பிடிப்பதில்லை. வண்டியின் முழு நீளத்துக்கும் ஒரு குழாய் ஓடுகிறது, அதில் அழுத்தி அடைத்த காற்று இருக்கிறது. சங்கிலியை இழுத்தால் அந்தக் காற்றில் கொஞ்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். குழாயில் அழுத்தம் குறையக் குறைய பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது, என்ஜினில் இருப்பவருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. காற்று வந்தால் பிரேக் விடும், காற்று போனால் பிரேக் பிடிக்கும். தலைகீழாகத் தோன்றும் இந்த ஏற்பாடு 1870களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. அது சரக்கு ரயில் தொழிலாளியின் கைக்கு எட்ட இருபது வருஷத்துக்கும் மேல் ஆனது, அதற்கு ஒரு சட்டமும் தேவைப்பட்டது. தாமதத்துக்கு அறிவியல் கொஞ்சம்தான் காரணம், கணக்குப் புத்தகம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 35,000 மைல் ரயில் பாதை இருந்தது. 1900-இல் அது 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. பிட்ஸ்பர்க் எஃகு, பென்சில்வேனியா நிலக்கரி, சிகாகோ இறைச்சி எல்லாம் அந்தப் பாதையில்தான் போயின. ஆனால் அவ்வளவு பெரிய வலைப்பின்னலில் ஓடிய சரக்கு ரயிலை நிறுத்தியது மனிதக் கை.

பிரேக்மேன் என்று ஒரு வேலை. ஒவ்வொரு பெட்டியின் கூரைமேலும் ஒரு இரும்புச் சக்கரம் நட்டு வைத்திருப்பார்கள். என்ஜின் டிரைவர் ஒரு குறுகிய விசில் கொடுத்ததும் பிரேக்மேன் கூரைமேல் ஓடிப்போய் அந்தச் சக்கரத்தைத் திருகி, கீழே பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு இறுக்க வேண்டும். கைபலம் போதாது என்று ஒரு மரத்தடியும் வைத்திருப்பார், அதைச் சக்கரத்தின் கம்பிக்குள் கொடுத்து நெம்புவார். ஒன்றை முடித்ததும் அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும். ஓடும் வண்டி, நள்ளிரவு, பனிக்காலத்தில் கூரையெல்லாம் உறைபனி. தாழ்வான பாலம் வந்தால் தலை போய்விடும் என்பதால், பாலத்துக்குச் சற்று முன்னால் பாதைக்கு மேலே குறுக்கே கட்டி வரிசையாகக் கயிறுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். முதுகில் கயிறு உரசினால் உடனே குனிய வேண்டும்.

கூரைமேல் நடப்பதைவிட மோசமானது பெட்டிகளை இணைக்கும் வேலை. பெட்டியின் முனையில் வாய் திறந்த ஓர் இரும்புக் கூடு இருக்கும். ஒரு பெட்டியின் கூட்டில் நீள்வட்ட வளையம் ஒன்றை வைத்து, மேலிருந்து ஓர் இரும்பு முளையைச் செருகியிருப்பார்கள். இன்னொரு பெட்டியை என்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வளையத்தின் மறுமுனை தானாக நேரே நிற்காது, கனத்தில் தொங்கும். ஆகவே பிரேக்மேன் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிர்க் கூட்டின் வாய்க்குள் அது நுழையும் கணத்தில் கையை உருவிக்கொண்டு முளையைப் போட வேண்டும். பல டன் எடையுள்ள பெட்டி வந்து மோதும் நேரத்தில், ஒரு நொடி தவறினாலும் விரல் போகும். இரண்டு பெட்டிகளின் கூடுகளும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ஒன்று மற்றதன்மேல் ஏறி ஆளையே நசுக்கிவிடும். வேலை கேட்டு வருபவனின் கையில் விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று அர்த்தம் என ரயில் யார்டுகளில் சொல்வார்களாம். நக்கல்தான், ஆனால் முழுக்கப் பொய்யும் அல்ல.

சரி, இப்போது காற்றுக்கு வருவோம்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் தன் முதல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 22. ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கம் தோண்டுபவர்கள் அழுத்திய காற்றைக் குழாய் வழியாக வெகுதூரம் அனுப்பித் துளைக்கருவியை ஓட்டுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்ததுதான் அவருக்கு யோசனை தந்தது. முதல் வடிவம் நேரடியானது. என்ஜினில் நீராவியால் ஓடும் பம்பு காற்றை ஒரு தொட்டியில் அடைக்கும், டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று குழாய் வழியாக ஒவ்வொரு பெட்டிக்கும் போய் பிரேக் சிலிண்டரைத் தள்ளும். பிரேக் பிடித்தது. ஆனால் இரண்டு ஓட்டைகள். காற்று கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது. இன்னொன்று பெரிய ஆபத்து: நடுவில் குழாய் அறுந்தால் வண்டிக்கு பிரேக்கே கிடையாது. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதானே!

மூன்றே வருஷத்தில் அவர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். இப்போது ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சொந்தமாக ஒரு சிறு காற்றுத் தொட்டி. அதற்கும் பிரேக் சிலிண்டருக்கும் நடுவே ட்ரிபிள் வால்வு என்ற கருவி. அதன் உள்ளே ஒரு பிஸ்டன், அதன் ஒரு பக்கம் ரயில் முழுக்க ஓடும் குழாயின் அழுத்தம், மறுபக்கம் தொட்டியின் அழுத்தம். குழாயில் அழுத்தம் அதிகமானால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தள்ளப்படும், ஒரு மெல்லிய பள்ளம் வழியாகத் தொட்டியில் காற்று நிரம்பும், பிரேக் சிலிண்டரில் உள்ள காற்று வெளியேறி பிரேக் தளரும். டிரைவர் குழாயிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டால், தொட்டியின் அழுத்தம் கை ஓங்கி பிஸ்டனை மறுபக்கம் தள்ளும். காற்று நிரம்பும் வழி அடைபட்டு, தொட்டியிலிருந்து சிலிண்டருக்கு வழி திறக்கும், பிரேக் பிடிக்கும்.

அழகு இதற்கு அப்புறம்தான். சிலிண்டருக்குள் காற்று போகப்போகத் தொட்டியின் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அது குழாயின் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியவுடன் பிஸ்டன் கொஞ்சம் பின்வாங்கி வழியை மூடிவிடும். டிரைவர் சிறிது காற்றை விட்டால் சிறிதளவு பிரேக், அதிகம் விட்டால் அதிக பிரேக். சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு அழுத்தத்தில் தொடங்கி 20 பவுண்டு குறைத்தால், தொட்டியும் சிலிண்டரும் 50-க்கு அருகில் சமமாகி முழு பிரேக் பிடித்திருக்கும். குழாய் அறுந்தாலோ வண்டி இரண்டாகப் பிரிந்தாலோ காற்று மொத்தமாகப் போகும், இரு பாதிகளும் யாரும் சொல்லாமலே நிற்கும்.

பயணி ரயில்களில் இது வேகமாகப் பரவியது. டிக்கெட் வாங்கியவர் செத்தால் செய்தித்தாளில் வரும், நஷ்ட ஈடு வழக்கும் வரும். சரக்கு ரயிலில் சாகிறவர் கூலிக்காரர்.

இது என் கசப்பு மட்டும் அல்ல, சட்டமே அப்படித்தான் இருந்தது. 1842-இல் மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஃபார்வெல் என்ற என்ஜின் டிரைவரின் வழக்கை விசாரித்தது. பாதை மாற்றுபவர் ஒருவரின் தவறால் விபத்து நடந்து ஃபார்வெல் கையை இழந்திருந்தார். ஆபத்தான வேலைக்கு ஏற்றபடி கூலி கூடுதலாகத்தான் கிடைக்கிறது, ஆபத்தைத் தெரிந்தேதான் சேர்ந்தாய், சக தொழிலாளியின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல என்பது தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவின் வாதத்தின் சாரம். அடுத்த அரை நூற்றாண்டு அமெரிக்க நீதிமன்றங்கள் இதையே பிடித்துக்கொண்டன. ஆக, விரல் போனால் கம்பெனிக்குப் பெரும்பாலும் செலவில்லை, காற்று பிரேக் மாட்டினால் பெட்டிக்குப் பெட்டி செலவு.

பெட்டி இணைப்பிலும் இதே கதை. வர்ஜீனியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த ஈலை ஜேனி 1873-இல் ஒரு தானியங்கி இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வலது கை விரல்களைக் கொக்கிபோல மடக்கி இன்னொருவரின் வலது கை விரல்களோடு கோர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். இரும்பு விரல் ஒன்று கீலில் திரும்பும். இரண்டு பெட்டிகள் மோதும்போது திறந்திருக்கும் விரல் உள்ளே மடங்கும், அதன் பின்னால் ஒரு பூட்டு தானாக விழுந்து தடுத்துவிடும். கழற்ற வேண்டுமானால் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கம்பியைத் தூக்கினால் போதும். நடுவில் யாரும் நுழைய வேண்டாம். இதன் வழித்தோன்றலை நம் ஊர் சரக்கு வண்டிகளில் இன்றும் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல், பிரேக்கைவிடப் பெரிய சிக்கல். ஒரு கம்பெனி மட்டும் ஜேனி இணைப்பை வாங்கினால் பயனில்லை. சரக்குப் பெட்டி ஒரு கம்பெனியின் பாதையில் கிளம்பி நான்கு கம்பெனிகளின் பாதைகளைக் கடந்து போகும். 1890-இல் நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் சரக்குப் பெட்டிகள். தானியங்கி இணைப்புக்கென்று காப்புரிமைகள் ஆயிரக்கணக்கில், பலவும் ஒன்றோடொன்று சேராதவை. ரயில் பெட்டி கட்டுவோர் சங்கம் 1887-இல் ஜேனி வகையைப் பொதுத் தரமாக ஏற்றது. அப்புறமும் பழைய பெட்டியோடு இணைக்க வேண்டுமே என்று இரும்பு விரலில் ஒரு பிளவு வெட்டி, பழைய வளையமும் முளையும் மாட்ட வழி வைத்தார்கள். பாதி புதிது பாதி பழையது என்று இருந்த அந்த வருஷங்களில் கைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1877 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் பத்து சதவீதக் கூலி வெட்டை எதிர்த்து வெடித்த வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. பிட்ஸ்பர்க்கில் பொறி தட்டியது வேறொரு விஷயம்: இரண்டு என்ஜின் பூட்டி நீளமான ஒரே வண்டியாக ஓட்டவேண்டும் என்ற உத்தரவு. நிர்வாகத்துக்கு அது சிக்கனம், பிரேக்மேனுக்கோ ஆள் குறைவு, தலைக்கு இரண்டு மடங்கு பெட்டி. வேலைநிறுத்தத்தை ராணுவம் வந்து அடக்கியது. 1883-இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனியோன்டாவில் எட்டு பிரேக்மேன்கள் ஒரு கார்டு பெட்டிக்குள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் இவர்களைச் சீந்தாததால், செத்தவர் குடும்பத்துக்கும் கைகால் போனவருக்கும் பணம் தருவது அதன் முக்கிய வேலை. அந்தச் சங்கத்தின் கதவு கறுப்பினத்தவருக்குச் சாத்தியே இருந்தது, தென் மாநிலங்களில் இதே வேலையை அவர்கள் நிறையப் பேர் செய்துவந்தும்கூட.

சட்டத்துக்கு அலைந்தவர் அயோவாவின் விவசாயி லொரென்சோ காஃபின். 1874-இல் ஒரு பிரேக்மேன் வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் பெட்டிகளுக்கு நடுவில் இழந்ததைப் பார்த்தாராம், அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. நீண்ட சரக்கு வண்டியில் காற்று பிரேக் வேலை செய்யாது என்று கம்பெனிகள் சொன்னதில் உண்மையும் இருந்தது. 1886-இல் அயோவாவின் பர்லிங்டனில் 50 பெட்டி வண்டியில் சோதித்தபோது முன்பெட்டிகள் சட்டென்று நிற்க, சேதி எட்டாத பின்பெட்டிகள் வந்து மோதி உள்ளே இருந்தவர்களைத் தூக்கியெறிந்தன. 1887-இல் மறுபடியும் அதே கதை. வெஸ்டிங்ஹவுஸ் சில மாதங்களில் வால்வை மாற்றினார்: அவசர நேரத்தில் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் தன் அருகில் உள்ள குழாய்க் காற்றைத் தானே திறந்துவிடும், அதனால் அடுத்த பெட்டியின் வால்வு தூண்டப்படும். என்ஜினில் தொடங்கிய அழுத்த வீழ்ச்சி சில விநாடிகளில் கடைசிப் பெட்டியை எட்டியது. சாக்கு தீர்ந்தது.

ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் 1889-இல் காங்கிரசுக்கு அனுப்பிய உரையில், 1888 ஜூனில் முடிந்த ஒரே ஆண்டில் 2,000-க்கு மேற்பட்ட ரயில் தொழிலாளர்கள் வேலையில் இறந்ததாகவும் 20,000-க்கு மேற்பட்டோர் காயமடைந்ததாகவும் சொன்னார். 1893 மார்ச் 2-இல் அவர் கையெழுத்திட்ட பாதுகாப்புச் சாதனச் சட்டம் தானியங்கி இணைப்பையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்கியது. சட்டத்தை மீறிய பெட்டியால் அடிபட்டவரிடம் ‘தெரிந்துதானே சேர்ந்தாய்’ என்று சொல்லவும் அது தடை போட்டது. கெடு முதலில் 1898 ஜனவரி, பிறகு கம்பெனிகள் கேட்டுக்கேட்டு 1900 ஆகஸ்ட் 1.

அதே ஆகஸ்டில் யூட்டாவின் ப்ரமன்டரியில் ஜான்சன் என்ற பிரேக்மேன் ஓர் என்ஜினை உணவுப் பெட்டியோடு இணைக்கப் போனார். என்ஜினில் ஜேனி இணைப்பு, பெட்டியில் மில்லர் கொக்கி என்ற வேறு வகை இணைப்பு. இரண்டுமே தானியங்கிதான், ஆனால் ஒன்றோடொன்று சேராது. வளையமும் முளையும் எடுத்துக்கொண்டு நடுவில் நுழைந்தார், கை நசுங்கி மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டிலும் தானியங்கி இணைப்பு இருக்கிறதே, தவிர என்ஜின் ‘பெட்டி’யே அல்லவே என்று கீழ் நீதிமன்றங்கள் கம்பெனி பக்கம் நின்றன. 1904-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: சட்டம் கேட்பது ஒன்றோடொன்று தானாகச் சேரும் இணைப்பு, என்ஜினுக்கும் அது பொருந்தும்.

கூரைமேல் ஓடும் வேலை மெல்லமெல்ல ஒழிந்தது. டிரைவர் ஒருவரே முழு வண்டியையும் நிறுத்த முடியும் என்றானதும் கம்பெனிகள் வண்டியை நீட்டி, ஆளைக் குறைக்கப் பார்த்தன. ரயில் சங்கங்கள் இந்தத் தடவை மாநிலம் மாநிலமாகப் போய், ஒரு வண்டிக்கு இத்தனை ஆள் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் கேட்கத் தொடங்கின.