ஸ்பான்சர் கடிதம் விலைக்கு வராது

போன செவ்வாய்க்கிழமை காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகன் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். ஆறு வருடமாகக் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் வேலை. அந்த அம்மா மஞ்சப்பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"ஸ்பான்சர் லெட்டருங்க சார். ஒம்பது லட்சம் கட்டியாச்சு. விசா எப்ப வருமுன்னு பாத்துச் சொல்லுங்க."

வெளிநாட்டு முதலாளி ஒருவர் தன் பொறுப்பில் வேலைக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் ஸ்பான்சர் கடிதம். ஆஸ்திரேலியாவில் சிறு நகரம் ஒன்றில் வெல்டர் வேலை, வருடத்துக்கு 45,000 ஆஸ்திரேலிய டாலர் என்று இதில் இருந்தது. அங்கே தொழில் நடத்துகிறவர்களுக்கு ஏ.பி.என். என்று ஒரு பதிவு எண் உண்டு. அதற்கு 11 இலக்கம். தாளில் இருந்த எண்ணைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பத்துதான் இருந்தது. பையனையும் எண்ணச் சொன்னேன். அவன் இரண்டு தடவை எண்ணிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஒரு நெம்பர் உட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க. கேட்டா எழுதிக் குடுத்துருவாங்களா?" என்றார்.

இந்த வருடம் என் மேஜைக்கு வந்த இப்படிப்பட்ட கடிதங்களில் இது ஏழாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. அங்கே ஆள் பற்றாக்குறை என்பது பொய்யில்லை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லாமே அரசாங்கக் கணக்கில் 'ரீஜனல்', அதாவது பெருநகரத்துக்கு வெளியே உள்ள பகுதிதான். பெர்த்தும் அடிலெய்டும்கூட அதில் வரும், காடு என்று பயப்பட வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகள் பெருநகரத்துக்குப் போய்விட, சின்ன ஊர்களில் வெல்டர், டீசல் மெக்கானிக், சமையல்காரர், முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் என்று ஆள் தேடுகிறார்கள். 2019 நவம்பரில் வந்த '494' என்ற எண் கொண்ட வேலை விசா இதற்காகவே ஏற்பட்டது. முறையாகப் போய் நல்லபடியாக இருக்கிற நம் பிள்ளைகளும் உண்டு.

என்னை எரிச்சலூட்டுவது அந்த 'ஸ்பான்சர்' என்ற ஒரு சொல்லைச் சுற்றி நம் ஊரில் வளர்ந்திருக்கிற எண்ணம்தான். ஸ்பான்சர் என்றால் பிளஸ் டூ சீட்டு மாதிரி, பணம் கட்டினால் கிடைக்கிற ஒன்று என்று நினைக்கிறார்கள். "யார்கிட்ட வாங்கினா சீப்புங்க?" என்றே கேட்கிறார்கள்.

திருப்பூரைப் பாருங்கள். பனியன் கம்பெனிக்கு ஆள் கிடைக்காமல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கூட்டி வருகிறார்கள். சோமனூரில் தறிக்காரர் ஆளைப் பிடித்து வைக்க முன்பணம் கொடுக்கிறார். ஆள் தேவைப்படுகிறவர்தான் செலவு செய்வார். "உனக்கு வேலை தருகிறேன், ஒன்பது லட்சம் கொண்டா" என்று எந்தத் தறிக்காரராவது கேட்பாரா? ஆஸ்திரேலிய முதலாளி மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

ஸ்பான்சர் செய்வது என்றால், உள்ளூரில் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்பதை அந்த முதலாளி அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அதற்குரிய விண்ணப்பக் கட்டணமும், தொழில் அளவைப் பொறுத்து 3,000 அல்லது 5,000 டாலர் பயிற்சி வரியும் அவர் கட்ட வேண்டும். அந்த வரியை உங்கள் தலையில் கட்டக் கூடாது. உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கிற சம்பளத்தையே உங்களுக்கும் தர வேண்டும். அதற்கு ஒரு அடிமட்டமும் உண்டு. 2025 ஜூலை 1-இல் அது வருடத்துக்கு 76,515 டாலர் ஆனது. சில சிறப்பு ஒப்பந்தப் பகுதிகளில் கொஞ்சம் தளர்வு உண்டு, அவ்வளவுதான். 45,000 என்று பார்த்தவுடனே அந்தத் தாளைக் கீழே வைத்திருக்கலாம்.

அப்புறம் யாருமே காதில் வாங்காத விஷயம். ஸ்பான்சர் செய்வதற்குப் பணம் வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து அங்கே குற்றம். வாங்கியவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. கொடுத்தவரும் தப்ப முடியாது. அபராதம் வரலாம், விசா ரத்தாகலாம். அதாவது உண்மையான முதலாளியிடமே பணம் கொடுத்து, உண்மையான விசாவே கிடைத்தாலும், உங்கள் தலைமேல் கத்தி தொங்கிக்கொண்டேதான் இருக்கும். "எல்லாரும் குடுத்துத்தான் போறாங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிப் போனவர்கள் நடுராத்திரியில் எனக்கு ஃபோன் செய்கிறார்கள்.

தாராபுரத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான். அங்கே சமையல் வேலை. சம்பளம் ஒழுங்காக பேங்கில் ஏறும். மறுநாள் 400 டாலரை எடுத்து 'ஸ்பான்சர் செலவு' என்று முதலாளி கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் அன்றைக்கே விசா போய்விடும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். 494 ஐந்து வருட விசா, மூன்று வருடம் கழிந்தால்தான் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். 2024 ஜூலைக்குப் பிறகு, வேலையை விட்டவருக்கு வேறு முதலாளியைத் தேட ஒரே தொடர்ச்சியாக 180 நாள் வரை அவகாசம் உண்டு. இதை நான் சொன்னபோது ஃபோனில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

சரி, நீங்கள் கட்ட வேண்டிய பணம் எது? விசாக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, திறன் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் ரசீது வரும்.

இங்கே வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். "விசிட் விசாவுல போங்க, அங்க போயி மாத்திக்கலாம்" என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, நகையை அடகு வைக்கப் போகும் முன்னால் அந்தத் தாளை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். என்னிடமே வர வேண்டும் என்றில்லை. ஏ.பி.என். எண்ணை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு வரும் வழியில் நினைவு வந்தாலும் வண்டியைத் திருப்புங்கள்.

காங்கேயத்து அம்மாவிடம் ஒன்பது லட்சத்தில் இரண்டு லட்சத்துக்குத்தான் பேங்க் ஆதாரம் இருக்கிறது. மீதி கைக்குக் கை. அதை வைத்துப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பையன் நேற்று ஃபோன் செய்தான். முறையாக விண்ணப்பிக்க அனுபவச் சான்றிதழ் வேண்டும், பட்டறை முதலாளியிடம் லெட்டர்பேடு இல்லையாம், என்ன செய்வது என்று கேட்டான். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் புத்தகம் இருக்கும், அதில் எழுதி முத்திரை வாங்கு, ஆறு வருடச் சம்பளம் ஏறிய பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வா கண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.