முதல்ல பாடினவங்களுக்கு ஏன் காசு வரல?

"ஹவுண்ட் டாக்"னு சொன்னா எல்லாருக்கும் எல்விஸ் பிரெஸ்லி தான் ஞாபகத்துக்கு வருவாரு. ஆனா அதை முதல்ல பாடினது பிக் மாமா தார்ன்டன்ங்கிற கறுப்பினப் பாடகி. 1952 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கார்டிங், 1953ல ஹூஸ்டன்ல இருந்த பீகாக்ங்கிற லேபிள்ல (ரெக்கார்ட் கம்பெனி) ரிலீஸ், பில்போர்டோட ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியல்ல ஏழு வாரம் முதலிடம். வேலைவெட்டி இல்லாம ஒட்டிக்கிட்டுத் திங்கிற ஆம்பளையை ஒரு பொண்ணு வாசல்லயே நிக்க வெச்சு கிழி கிழின்னு கிழிக்கிற பாட்டு அது, கேட்டுப் பாருங்க, எல்விஸ் பாடினது அதுக்கு முன்னாடி சப்புன்னு இருக்கும் (என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க). லாஸ் வேகாஸ்ல ஃப்ரெடி பெல்னு ஒருத்தர் வரியெல்லாம் மாத்தி அதை நிஜமாவே ஒரு நாயைப் பத்தின ஜாலி பாட்டாக்கி வெச்சிருந்தாரு, அதைக் கேட்டுட்டுத்தான் எல்விஸ் 1956ல பாடினாரு, லட்சக்கணக்குல வித்துச்சு. தார்ன்டனுக்குக் கிடைச்சது? 500 டாலருக்கு ஒரே ஒரு செக்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

நான் மியூசிக் அக்ரிமென்ட் பார்க்கிற வக்கீல். இந்தக் கதையைச் சொன்னாலே எதிர்ல இருக்கிறவங்க "அப்போ திருடிட்டாங்களா"ன்னு கேப்பாங்க. சட்டப்படி திருட்டே இல்லைங்க, வயித்தெரிச்சலே அதுதான்.

அப்போ அமெரிக்காவுல இருந்தது 1909 காப்பிரைட் சட்டம். பாட்டு, அதாவது வரியும் மெட்டும், அதை எழுதினவங்க சொத்து. ஓனர் சம்மதத்தோட ஒரு தடவை ரெக்கார்ட் ஆயிடுச்சுன்னா அப்புறம் யார் வேணா அதே பாட்டை ரெக்கார்ட் பண்ணலாம், தட்டுக்கு 2 சென்ட் வீதம் பாட்டோட ஓனருக்குக் கட்டினா போதும். இதுல முதல்ல பாடினவங்க எங்கயாவது வர்றாங்களா? வரவே இல்ல. "ஹவுண்ட் டாக்" எழுதினது லீபர், ஸ்டோலர்னு ரெண்டு பசங்க, அதனால காசு போனா அவங்களுக்கும், பாட்டோட உரிமையைக் கையாளுற பப்ளிஷர் கம்பெனிக்கும்தான். ஒலிப்பதிவுக்குன்னு ஃபெடரல் பாதுகாப்பு வந்ததே 1972 பிப்ரவரி 15ல இருந்துதான், அதுவும் அந்தப் பதிவை அப்படியே காப்பி எடுக்கிறதைத்தான் தடுக்கும், அதே மாதிரி பாடுறதை இன்னிக்கும் தடுக்காது.

இதே மாதிரி இன்னொண்ணு: லாவர்ன் பேக்கர்ங்கிற கறுப்பினப் பாடகி "ட்வீடில் டீ" பாடி ஹிட்டாச்சு, உடனே 1955ல ஜார்ஜியா கிப்ஸ்ங்கிற வெள்ளையினப் பாடகி அதே இசையமைப்புல பாடி அதைவிடப் பெரிய ஹிட் ஆக்கிட்டாங்க. பேக்கர் சும்மா இருக்கல, அரேஞ்ச்மென்ட்டுக்கும் (எந்த வாத்தியம் எப்படி வரணும்ங்கிற அமைப்பு) பாதுகாப்பு வேணும்னு சார்ல்ஸ் டிக்ஸ்ங்கிற காங்கிரஸ் உறுப்பினருக்கு லெட்டர் போட்டாங்க. ஒண்ணும் நடக்கல.

சரி, தானே எழுதிப் பாடினா தப்பிச்சிரலாமான்னா, அங்கதான் ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரடப் கதையைச் சொல்லணும். "தட்ஸ் ஆல் ரைட்" அவரே எழுதி 1946ல சிகாகோவுல பாடினது. 1954 ஜூலை 5, மெம்பிஸ்ல சன் ஸ்டுடியோவுல எல்விஸ் பாடினாரு, அவரோட முதல் சிங்கிளே அதுதான். எழுதினவர் க்ரடப், சட்டம் அவர் பக்கம், ஆனா பேப்பர் அவர் பக்கம் இல்ல, பாட்டோட உரிமை மேனேஜர் லெஸ்டர் மெல்ரோஸ் கைக்குப் போயிருந்துச்சு. காசே வராததால பாடுறதை விட்டுட்டு மனுஷன் கூலி வேலைக்குப் போனாரு. பின்னாடி டிக் வாட்டர்மேன்னு ஒருத்தர் அவருக்காக அலையோ அலைன்னு அலைஞ்சு, 60,000 டாலர்னு பேசி முடிச்சு, க்ரடப்பும் நியூயார்க் வரைக்கும் போய் கையெழுத்துப் போட்டாச்சு, கடைசி நிமிஷத்துல பப்ளிஷர் தரப்பு முடியாதுன்னுட்டாங்க. 1974ல செத்துட்டாரு, பெரிய தொகை அப்புறம் குடும்பத்துக்குத்தான் வந்துச்சு.

என்கிட்ட வர்ற இண்டி (சொந்தமா பாட்டுப் போடுற) பசங்களும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடதான் வர்றாங்க, "நாங்கதான் சார் முதல்ல பாடினோம், அவங்க பாடி வைரல் ஆயிட்டாங்க"ன்னு. நான் முதல்ல கேக்கிறது "எழுதினது யாரு, அதுக்குப் பேப்பர் இருக்கா"ன்னுதான். நம்ம இந்தியக் காப்பிரைட் சட்டம் அந்தக் கால அமெரிக்காவை விடப் பரவால்ல. முதல் ஒலிப்பதிவு வந்த வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கு, அந்தச் சட்டத்தோட 31சி பிரிவு தர்ற லைசென்ஸ்ல கவர் (அதே பாட்டை வேற ஒருத்தர் திரும்பப் பாடுறது) போட முடியாது, அதுக்கப்புறம் போட்டாலும் முன்கூட்டியே ராயல்டி கட்டணும், கவர்னு சொல்லணும், இஷ்டத்துக்கு வரியை மாத்தக் கூடாது. இது வெறும் ஆடியோவுக்குத்தான், வீடியோவுக்குத் தனியா பர்மிஷன். 2012 திருத்தத்துக்கு அப்புறம் பாடினவங்களுக்கும் ராயல்டி உண்டு, ஆனா அவங்க பாடின பதிவுக்குத்தான், இன்னொருத்தர் பாடின கவர்ல அவங்களுக்கு ஒரு பைசா கிடையாது.

அதனால பேண்டுல இருக்கிறவங்க ரெக்கார்டிங் அன்னிக்கே உட்கார்ந்து வரி யாருது, மெட்டு யாருது, யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெச்சுக்குங்க. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குன்னு கூச்சப்படாதீங்க. "ஹவுண்ட் டாக்"லயே, தார்ன்டன் ரெக்கார்டிங்குக்கு பேண்ட் நடத்தின ஜானி ஓட்டிஸ் எனக்கும் பங்கு இருக்குன்னு கேஸ் வரைக்கும் போயிருக்காரு. லேபிள் அக்ரிமென்ட் வந்தா, பாட்டையும் சேர்த்து எழுதிக் கேக்கிறாங்களா, இல்ல அந்த ரெக்கார்டிங்கை மட்டுமான்னு பாருங்க. ரெண்டும் ஒரே வரியில இருந்துச்சுன்னா, பிரிச்சு எழுதித் தரச் சொல்லிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.