நண்பகல் ஒரு கோடு, அது ஓடிக்கொண்டே இருக்கிறது

"நண்பகலில்தான் நிழல் மிகக் குட்டை என்று படித்தேன். 12 மணிக்கு அளந்தால் அப்படி இல்லையே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அளந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை திரும்புகிறது. ஆக, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இது பள்ளிக்கூடக் கணக்கு. சூரியனுக்கு நேராக எந்தத் தீர்க்கரேகை வந்து நிற்கிறதோ, அதில் வெயில் படும் எல்லா ஊருக்கும் அந்த நொடியில் நண்பகல். அட்சரேகை மாறினால் நிழலின் நீளம் மாறும், நேரம் மாறாது. அந்த நண்பகல் கோடு நிலநடுக்கோட்டில் நொடிக்குச் சுமார் 460 மீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. கிழக்கு மேற்காக நீளும் ஒரு தெருவின் இரு முனைகளுக்கும்கூட ஒரே நண்பகல் கிடையாது!

லண்டனுக்கு மேற்கே சுமார் இரண்டரைப் பாகை தள்ளியுள்ள பிரிஸ்டலில் நண்பகல் 10 நிமிடம் பிந்தும். ரயில் வந்து லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தபோது, அங்கே தானியச் சந்தைக் கட்டடத்துக் கடிகாரத்தில் ஊர் நேரத்துக்கு ஒன்று, லண்டன் நேரத்துக்கு ஒன்று என நிமிட முட்கள் இரண்டு வைத்தார்கள். இன்றும் அவை இருக்கின்றன. சீனா முழுவதற்கும் 120 பாகைக் கோட்டின் நேரம்தான். அதன் மேற்குக் கோடியில் 76 பாகையில் உள்ள காஷ்கர் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் கிட்டத்தட்ட 3 மணி காட்டும்.

பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் ஒரே ஊரிலும் நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும்.

சரி, நண்பகலைப் பிடிப்பது எப்படி? நிழலையே பார்த்துக்கொண்டு நின்றால் பிடிபடாது; அந்த நேரத்தில் அதன் நீளம் அசைவதே தெரியாது. சமதரையில் ஒரு கோலை நேராக நடுங்கள். காலை 10.30க்கு நிழலின் நுனி தொடும்படி, கோலை மையமாக வைத்து வட்டம் வரையுங்கள். நிழல் வட்டத்துக்குள் சுருங்கும், அப்புறம் மெல்ல நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொடும். அது 1.50 என்றால், இரண்டுக்கும் நடுவே 12.10தான் உங்கள் நண்பகல். இரண்டு தொடுபுள்ளிகளுக்கு நடுவிலிருந்து கோலுக்கு ஒரு கோடு இழுத்தால் வடக்கு தெற்கும் கிடைத்துவிடும். ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் இப்படி ஒரு கோல் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டிசம்பர் 25-ஐ ஒட்டி இதைச் செய்யுங்கள். அப்போது சூரியனின் முந்தலும் பிந்தலும் ஏறக்குறைய பூஜ்யம். அன்றும் 12.10 வந்தால், உங்கள் கடிகாரம் பின்பற்றும் தீர்க்கரேகைக்கு இரண்டரைப் பாகை மேற்கே நிற்கிறீர்கள்.