ஈராசிரியர் பள்ளி: சட்டத்தின் கணக்கும் பெற்றோர் கேட்கக்கூடியதும்

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால், யாரோ செய்த தவறு என்றுதான் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அதுதான். தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் 60 வரை என்றால் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. பாடம் நடத்துவோர் போகத் தனியாகத் தலைமை ஆசிரியர் வேண்டுமென்றால் 150 பிள்ளைகளைத் தாண்ட வேண்டும்.

ஆக, 40 பேர் படிக்கும் பள்ளியில் தலைமை ஆசிரியரும் அந்த இருவரில் ஒருவர். அவர் ஒரு கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை பிடித்து 'அ' எழுத வைக்கும்போது ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கு பாதியில் நிற்கும். பிள்ளைகள் பின்தங்குவது இங்கேதான். இதற்கு அந்த ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்கத் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இத்தகைய பள்ளிக்கு ஓரளவு கைகொடுக்கிறது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு ஐந்து வரை விரிந்தது. என்றாலும் அதை நடத்த வகுப்பில் ஆள் வேண்டுமே.

அதனால் பெற்றோர் கல்வி உரிமைச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிவு 26: அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் காலியிடம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பணியிடத்தில் ஒன்று காலியானாலே 50 சதவீதம்! பிரிவு 27: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது.

சரி, யாரிடம் கேட்பது? முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில். அதில் நான்கில் மூன்று பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அங்கே தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். பிரிவு 32-இன்படி எழுத்தில் வரும் புகாரை உள்ளூர் அதிகார அமைப்பு (உள்ளாட்சி அல்லது பள்ளியை நிர்வகிக்கும் அதிகாரி) மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அது சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம் ஒன்று: மனு கொடுத்த அன்றே தேதியோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள், மூன்று மாதக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.