ஆவணப்படம்: ஆவணமா, சாட்சியா?

பேச்சில் எல்லோரும் டாக்குமென்டரி என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் தமிழ்நாட்டில் ஆவணப்படம், இலங்கையில் விவரணப்படம். ஆவணப்படம் நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதைக் கேட்டதும் பலர் மனத்தில் பத்திர அலுவலகத்துக் காகிதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது: எடுப்பவருக்குக் கருத்தே இருக்கக் கூடாது, உள்ளதை அப்படியே பதிந்தால் போதும் என்று.

லத்தீனில் டோகேரே என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த டோகுமென்டும் முதலில் பாடம், படிப்பினை, சான்று என்றுதான் பொருள்பட்டது, எழுதிய காகிதம் என்ற பொருள் பின்னால் வந்தது. 1926 பிப்ரவரியில் ஜான் கிரியர்சன் நியூயார்க் நாளிதழ் ஒன்றில், சமோவா தீவு மக்களைப் பற்றி ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த மோனா படத்துக்கு விமர்சனம் எழுதும்போது டாக்குமென்டரி என்ற சொல்லைக் கையாண்டார், அப்புறம் அது நிலைத்துவிட்டது. நடப்பைப் படைப்புணர்வோடு கையாள்வது என்று பின்னர் அவரே விளக்கமும் தந்தார். அதே ஃப்ளாஹர்ட்டி, பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 1922இல் வெளியிட்ட நானூக் படத்தில், பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் பாதி வீட்டைத் திறந்துவைத்துப் படம் பிடித்தார். ஆக, எடுப்பவரின் கை தொடக்கத்திலிருந்தே இதில் உண்டு.

சரி, நம் ஆவணத்துக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் ஆவணம் என்றால் கடைத்தெரு, அகநானூற்றில் அந்தப் பொருளில் வருகிறது. உரிமைப் பத்திரம் என்ற பொருளுக்குப் பெரியபுராணத்தைப் பார்க்க வேண்டும். சுந்தரர் திருமணத்தில் ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார், சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று அவையோர் முதியவரிடம் கேட்கிறார்கள். ஆட்சி என்றால் நெடுநாள் வழக்கம், ஆவணம் என்றால் எழுத்து, அயலார் காட்சி என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் சாட்சியம். கிழிந்தது படி ஓலைதான் என்று சொல்லி முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்டுகிறார். சான்றை இவ்வளவு துல்லியமாக மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது தமிழ்!

இந்த மூன்றில் இரண்டாவதன் பெயரைத் தாங்கினாலும் ஆவணப்படம் செய்வது மூன்றாவதான அயலார் காட்சியின் வேலை என்பது என் கருத்து. மனித மலத்தை மனிதரே அள்ளுவதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆவணத்தைக் கேட்டால் அது முடிந்துபோன கதை. 2017இல் திவ்யபாரதி எடுத்த கக்கூஸ், தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருப்பவர்களைக் காட்டியது, அவர்களையே பேசவும் வைத்தது. ஆவணம் ஒன்று சொல்ல, காட்சி வேறொன்று சொன்னது. அந்த இடைவெளியை நம் கண்முன் வைத்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று சமூகத்தைக் கேட்பதற்குத்தான் இந்தக் கலை.

விவரணப்படம் என்பதும் பிழையில்லை, எடுத்துச் சொல்லும் முறையை அது குறிக்கிறது. ஆனால் சான்று என்ற கனம் அதில் இல்லை, அதனால் என் ஓட்டு ஆவணப்படத்துக்கே. ஆவணப்படுத்துதல் வேறு, அது பதிந்து வைப்பது மட்டும். கல்யாண வீடியோகூட ஆவணப்படுத்துதல்தான்.

குறும்படத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறும்படம் என்பது நீளத்தைச் சொல்லும் பெயர், ஆவணப்படம் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். யூதப் படுகொலை பற்றி க்ளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ஷோவா ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அந்தக் காலத்தில் எடுத்த பழைய படச்சுருள் ஒரு துண்டுகூட அதில் கிடையாது. தப்பிப் பிழைத்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், செய்தவர்கள், இவர்கள் பேசுவதும் அது நடந்த இடங்களும்தான் முழுப் படமும்.